சப்ரகமுவவில் எழுதப்பட்ட முன்னுரை: ஜே.ஆர். ஜயவர்தன தடுக்காத போர்

இலங்கையின் உள்நாட்டுப் போர் தொடங்கிய நாளைக் குறிக்கச் சொன்னால் பெரும்பாலான நூல்கள் 1983 ஜூலை 23ஐக் காட்டும். அன்றிரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு பொரளையில் தொடங்கிய வெறியாட்டம் ஒரே வாரத்தில் தீவைப் பிளந்தது. ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அந்த வாரத்தில் என்ன செய்தார், எதைச் செய்யாமல் இருந்தார் என்று ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவருடைய தோல்வியை அளப்பதற்கு 1983 பொருத்தமான இடமல்ல என்பது என் எண்ணம். அதற்குள் வடக்கில் ஆயுதக் குழுக்கள் வளர்ந்துவிட்டன. பொலிஸாரும் இராணுவத்தினரும் கொல்லப்பட்டிருந்தார்கள். 'பயங்கரவாதம்' என்ற ஒரு சொல்லைச் சொல்லி ஆட்சி எதையும் நியாயப்படுத்திக்கொள்ள முடிந்தது.

கையில் ஆயுதமில்லாத, தனிநாடு கேட்காத, பெரும்பாலோருக்கு வாக்குரிமைகூட இல்லாத தமிழர் தாக்கப்பட்டபோது அவர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். அதற்கு யாழ்ப்பாணத்தை விட்டு, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களுக்கும் இறப்பர் தோட்டங்களுக்கும் வர வேண்டும். 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் இவ்விரு மாவட்டங்களும் சேர்ந்த சப்ரகமுவவில் நடந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், போரைத் தடுத்திருக்கக்கூடிய தருணங்கள் எவை, அவை எப்படிக் கைநழுவின என்பது தெரியும்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்தின் எல்லை முடியும் இடத்தில் அடுத்த தோட்டம் தொடங்கும். மலை மலையாகத் தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்தார்கள். சப்ரகமுவவில் அப்படி இல்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டை, புளத்கொஹுபிட்டிய பக்கத்திலும், இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை வரைக்கும், தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓடை, ஓடைக்கு அப்பால் வயல், வயலை ஒட்டிக் கிராமம். 1981 குடிசன மதிப்பின்படி இரத்தினபுரி மாவட்டத்தில் இந்திய வம்சாவளித் தமிழர் நூற்றுக்குப் பதினொருவர் அளவில் இருந்தார்கள். கேகாலையில் ஆறு பேர் அளவில். எண்ணிக்கையும் காப்பாற்றவில்லை, இருப்பிடமும் காப்பாற்றவில்லை. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்கும் கிராமத்தைக் கடந்தே போக வேண்டும்.

இந்த நெருக்கம் பகையாகவே பிறந்தது என்று சொன்னால் அது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். களனிப் பள்ளத்தாக்கு லங்கா சமசமாஜக் கட்சியின் கோட்டையாக இருந்தது. 1936இல் அக்கட்சியின் என்.எம். பெரேரா றுவான்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய அரசியல் கடைசி வரைக்கும் எட்டியாந்தோட்டைப் பகுதியோடுதான் பின்னிக்கிடந்தது. சிங்களக் கிராமத்து விவசாயியையும் தமிழ்ப் பால்வெட்டுத் தொழிலாளியையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்த முயன்ற அரசியல் அது. அதே மண்ணில் எதிர்த்திசையிலும் ஒரு விசை இருந்தது. 1946இல் கேகாலை மாவட்டம் உந்துகொடைப் பக்கத்து நேவ்ஸ்மையர் தோட்டத்தை அரசு கையகப்படுத்திக் கிராம விரிவாக்கத்துக்குக் கொடுக்க முற்பட்டபோது, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேற மறுத்தார்கள்; இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நிலமில்லாத கிராமத்தவருக்கு நிலம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் அந்த நிலத்தில் தலைமுறைகளாக வியர்வை சிந்தியவன் எங்கே போவான் என்ற கேள்விக்குக் கொழும்பில் யாரும் பதில் வைத்திருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வியே சட்டத்தால் ஒதுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; 1949இல் வாக்குரிமையும் போனது. அந்த அமைச்சரவையின் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியாவுடன் செய்த ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த எச்சத்தை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. 1977இல் சப்ரகமுவத் தோட்டமொன்றின் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இலங்கைப் பிரஜையும், இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிக் கப்பலுக்குக் காத்திருந்தவரும், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவரும் குடியிருந்தார்கள். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் தம் தொகுதியில் யாருடைய கோபத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று கணக்குப் பார்த்தால், முதல் விடை இவர்கள்தான்.

காணிச் சீர்திருத்தமும் சேர்ந்துகொண்டது. 1972இன் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது; 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் போனார்கள், அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதத்தோடு புதியவர்கள் வந்தார்கள். 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தோட்டம் என்பது பங்கு போட்டு எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று, அதில் வாழ்பவர்கள் வெளியேற்றப்படக்கூடியவர்கள் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் வேரூன்றியது. ஜயவர்தன ஆட்சிக்கு வருவதற்கு முன்பே இந்த நிலைமை உருவாகிவிட்டது என்பதை அவருக்கு நியாயமாக நாம் சொல்ல வேண்டும்.

1977 ஜூலை 21இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. ஆறில் ஐந்து பங்கு. இலங்கை வரலாற்றில் எந்தத் தலைவருக்கும் அதற்கு முன் அப்படியொரு பலம் கிடைத்ததில்லை. அதைவிட முக்கியமானது, என்ன சொல்லி வென்றார் என்பது. தமிழ் பேசும் மக்களுக்குக் கல்வியிலும், குடியேற்றத்திலும், மொழிப் பயன்பாட்டிலும், அரச வேலைவாய்ப்பிலும் குறைகள் இருக்கின்றன, அவை தீர்க்கப்படாததால்தான் அவர்கள் தனிநாட்டுக் கோரிக்கையை ஆதரிக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள் என்று அவருடைய கட்சியின் தேர்தல் விஞ்ஞாபனமே ஒப்புக்கொண்டது. சர்வகட்சி மாநாடு கூட்டித் தீர்வு காண்போம் என்றும் வாக்களித்தது. நோய் என்ன, காரணம் என்ன, மருந்து என்ன என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. ஆகவே அவருக்குத் தெரியவில்லை என்று யாரும் வாதாட முடியாது.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குச் சற்று முன் ஜனாதிபதியாயிருந்த ஜேம்ஸ் புக்கானனை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பிரிந்துபோக மாநிலங்களுக்கு உரிமை இல்லை, ஆனால் பலவந்தமாகத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரமும் இல்லை என்று 1860 டிசம்பரில் சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றவர் அவர். அதிகாரமில்லை என்ற அந்தச் சாக்கு ஜயவர்தனவுக்கு ஒருநாளும் கிடையாது. 1978 பெப்ரவரியில் நிறைவேற்று ஜனாதிபதியானார். அதே ஆண்டு செப்டம்பரில் தமக்கேற்ற அரசியலமைப்பையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நாட்டில் அவர் கையெழுத்துக்கு மேல் ஒரு கையெழுத்து இருக்கவில்லை.

ஆட்சிக்கு வந்து ஒரு மாதம் முடிவதற்குள் முதல் சோதனை வந்தது. 1977 ஆகஸ்ட் நடுவில் யாழ்ப்பாணத்தில் ஒரு களியாட்ட விழாவில் பொலிஸாருக்கும் பொதுமக்களுக்கும் இடையே எழுந்த மோதல் வன்செயலாக வெடித்தது. வதந்தி தெற்கே ஓடியது. கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களில் லயங்கள் கொள்ளையிடப்பட்டன, கொளுத்தப்பட்டன. யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டிராத குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் இரவைக் கழித்தன. நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பல்லாயிரக்கணக்கானோர் அகதியானார்கள்.

தீ எரிந்துகொண்டிருந்தபோது, ஆகஸ்ட் 18ஆம் தேதி, பிரதமர் ஜயவர்தன பாராளுமன்றத்தில் பேசினார். எதிரே எதிர்க்கட்சித் தலைவராகத் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் உட்கார்ந்திருந்தார். சண்டை வேண்டுமென்றால் சண்டை, சமாதானம் வேண்டுமென்றால் சமாதானம் என்று தமிழர் நினைவில் அழியாமல் நின்றுவிட்ட பேச்சு அது. அந்தப் பேச்சில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு: இதை நான் சொல்லவில்லை, இலங்கை மக்கள் சொல்கிறார்கள் என்றார் அவர். என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. மக்களின் பேரால் பேசுவது வேறு, கும்பலின் குரலை மக்களின் குரல் என்று எடுத்துச் சொல்வது வேறு. கேகாலைக் கிராமமொன்றில் தம் வீட்டில் தமிழ்க் குடும்பத்தை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்களவரும் இலங்கை மக்களில் அடக்கம். அவர்களுடைய குரலைப் பிரதமர் எடுத்துச் சொல்லவில்லை. தீ வைத்தவனுக்குத் தான் சொல்ல நினைத்ததைத் தலைவர் சொல்லிவிட்டார் என்ற நிறைவுதான் மிஞ்சியது.

முன்னாள் பிரதம நீதியரசர் எம்.சி. சன்சோனியின் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அது நீண்ட விசாரணை நடத்தியது. 1980இல் அறிக்கை வெளியானது. அதற்குப் பின் நடந்ததைத்தான் எவ்வளவு வலியுறுத்திச் சொன்னாலும் போதாது. 1982இல் 20ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது. 1977 ஆகஸ்ட் மாதத்தில் கலவரத்தை அடக்குவதற்காக நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட செயல்களுக்காக அமைச்சர்கள், அதிகாரிகள், படையினர் மீது வழக்குத் தொடர முடியாது என்றது அந்தச் சட்டம். ஆணைக்குழுவில் சாட்சி சொன்ன தோட்டத் தொழிலாளிக்கு அரசு கொடுத்த கடைசிப் பதில் இதுதான். ஜயவர்தனவின் ஆட்சி 1977ஐ மறக்கவில்லை. அதை நினைவில் வைத்திருந்து, அதற்குப் பொறுப்புக் கேட்க முடியாதபடி சட்டம் செய்தது.

1977க்கும் 1981க்கும் இடையில் அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதுவது நேர்மையல்ல. புதிய அரசியலமைப்பு தமிழைத் தேசிய மொழியாக ஏற்றது. வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பாகுபாட்டை நீக்கியது. தோட்டத் தமிழருக்கு அது உண்மையான முன்னேற்றம். 1978 செப்டம்பரில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌ. தொண்டமான் அமைச்சரவையில் சேர்ந்தார். தமிழர் விடுதலைக் கூட்டணியின் மூன்று தலைவர்களில் ஒருவராயிருந்து, வட்டுக்கோட்டையின் தனிநாட்டுத் தீர்மானம் மலையக மக்களுக்குப் பொருந்தாது என்று விலகிக்கொண்டவர் அவர். 1980இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கான சட்டமும் வந்தது.

தொண்டமான் அமைச்சரவையில் அமர்ந்ததன் பொருள் என்ன? மலையகத் தமிழர் இந்த நாட்டுக்குள்ளேயே தங்கள் வாழ்வைத் தேடிக்கொள்ள முடிவெடுத்துவிட்டார்கள் என்பதுதான். போரைத் தடுக்க நினைக்கும் எந்தத் தலைவருக்கும் இதைவிடப் பெரிய கொடை கிடைக்காது. ஒன்றுபட்ட இலங்கைக்குள் தமிழர் பாதுகாப்பாக வாழ முடியும் என்று யாழ்ப்பாணத்து இளைஞனுக்குக் காட்ட வேண்டுமானால், அதற்கான சான்று இரத்தினபுரித் தோட்டத்தில்தான் இருந்தது. அங்கே ஒரு தமிழ்த் தொழிலாளி நிம்மதியாகத் தூங்க முடிந்தால் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் வாதம் பாதி வலுவிழந்திருக்கும். அந்தச் சான்றைப் பேணிக்காக்கத் தவறியதே ஜயவர்தனவின் தோல்வியின் மையம் என்று நினைக்கிறேன்.

உள்ளூரிலோ நிலைமை வேறாகிக்கொண்டிருந்தது. 1977 தேர்தலில் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஓர் ஆசனம்கூட இல்லாமல் துடைத்தெறியப்பட்டன, என்.எம். பெரேராவே தோற்றார். களனிப் பள்ளத்தாக்கில் கிராமத்துக்கும் லயத்துக்கும் நடுவே நின்ற கட்சி பாராளுமன்றத்திலிருந்து மறைந்தது. 1980 ஜூலைப் பொது வேலைநிறுத்தத்தில் பங்கெடுத்த ஏறக்குறைய 40,000 பேரை அரசு வேலையிலிருந்து நீக்கியபோது இடதுசாரித் தொழிற்சங்கங்களின் முதுகெலும்பும் முறிந்தது. அந்த வெற்றிடத்தில் ஆளுங்கட்சியின் தொழிற்சங்கமான ஜாதிக சேவக சங்கமயவும் அதன் தலைவரான கைத்தொழில் அமைச்சர் சிறில் மத்தியூவின் அரசியலும் வளர்ந்தன. தமிழருக்கு எதிரான பிரசாரத்தை அமைச்சர் பதவியில் இருந்துகொண்டே நடத்தியவர் அவர். ஜயவர்தன அவரைப் பதவியிலிருந்து அகற்றியது 1984இன் இறுதியில், போர் மூண்ட பிறகு.

இரத்தினபுரி மாவட்டம் ஆட்சியின் போக்கை இன்னொரு விதத்திலும் காட்டிக்கொடுத்தது. கலவானைத் தொகுதியில் 1977இல் வென்ற ஐ.தே.க. உறுப்பினரின் தெரிவு தேர்தல் மனுவில் செல்லாமல் போனது. 1981 ஜனவரி இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவேகம வென்றார். பதவியிழந்த தம் கட்சிக்காரரையும் கலவானையின் உறுப்பினராகவே வைத்திருக்க அரசு வழிதேடியது. ஒரு தொகுதிக்கு இரண்டு உறுப்பினர் என்று அரசியலமைப்பைத் திருத்தக்கூட முயன்றது. ஒரு ஆசனத்துக்காக அரசியலமைப்பில் கைவைக்கத் துணிந்த அரசு, தோட்டங்களைக் காக்க உள்ளூர்க் கட்சிக்காரரைக் கட்டுப்படுத்தும் சிறு துணிவைக்கூடக் காட்டவில்லை.

1981இன் மூன்று மாதங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணத்தில் பொலிஸார் வெறியாட்டம் ஆடினார்கள். பொது நூலகம் எரிந்தது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காக அமைச்சர்கள் காமினி திசாநாயக்கவும் சிறில் மத்தியூவும் அப்போது அங்கேதான் இருந்தார்கள். ஜூலை பிற்பகுதியில் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. அமிர்தலிங்கத்தை என்ன செய்யலாம் என்று அரசதரப்பு உறுப்பினர்கள் அந்த விவாதத்தில் போட்டிபோட்டுக்கொண்டு பேசினார்கள். இரண்டு கமுகமரங்களை வளைத்துக் காலுக்கொன்றாகக் கட்டி உடலைக் கிழிக்கும் பழங்காலத் தண்டனையைச் சொன்னவர்களும், காலிமுகத் திடலில் நிறுத்திச் சுட வேண்டும் என்றவர்களும் அதில் இருந்தார்கள். இவை சட்டம் இயற்றும் சபையின் பதிவேட்டில் உள்ள பேச்சுகள். அவற்றைப் பேசியவர்கள் எல்லோரும் ஜயவர்தனவின் கட்சிக்காரர்கள்.

அந்த விவாதம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில் கிழக்கில் தொடங்கிய மோதலைத் தொடர்ந்து நீர்கொழும்பிலும், இரத்தினபுரி மாவட்டத்தின் காவத்தை, பெல்மதுளை, இறக்குவானைப் பகுதிகளிலும் தமிழர் தாக்கப்பட்டார்கள். இந்த முறை வதந்தி கேட்டுத் திரண்ட கும்பல் என்று சொல்ல முடியாதபடி தாக்குதலில் ஒழுங்கு இருந்தது. கடைகள் தேர்ந்தெடுத்து எரிக்கப்பட்டன. தோட்டத்து லயங்களுக்குள் காடையர் புகுந்தார்கள். கொலையும் கொள்ளையும் பெண்கள் மீதான வன்கொடுமையும் நடந்தன. ஆகஸ்ட் 17இல் அவசரகால நிலை பிரகடனமானது. சர்வதேச நீதியாளர் ஆணையத்துக்காக அப்போது இலங்கை வந்து ஆய்வு செய்த அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் வெர்ஜீனியா லியரி, வடக்கின் போராட்டத்தோடு தொடர்பற்ற தோட்டத் தமிழர் பலியானதைத் தம் அறிக்கையில் பதிவு செய்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அகதி முகாம்களில் தஞ்சமடைந்தார்கள்.

ஜயவர்தன பேசினார். இந்த முறை நல்லதையே பேசினார். தம் கட்சி உறுப்பினர் சிலர் பாராளுமன்றத்திலும் வெளியிலும் பேசிய பேச்சு, நடந்த கொலைகளுக்கும் வன்புணர்வுகளுக்கும் தீவைப்புகளுக்கும் தூண்டுதலாக அமைந்தது என்று வருத்தம் தெரிவித்தார்; இப்படியே போனால் கட்சித் தலைமையிலிருந்து விலகுவேன் என்ற பொருளிலும் சொன்னார். தன் கட்சியின் மீதே ஒரு நாட்டுத் தலைவர் இத்தகைய குற்றச்சாட்டைச் சுமத்துவது அரிது. அதைப் படிக்கும்போது ஒரு கணம் நம்பிக்கை பிறக்கிறது. அடுத்த கணமே கோபம் வருகிறது. யார் பேசினார்கள் என்று தெரியும், பேச்சின் விளைவு என்ன என்றும் தெரியும், அவர்களை நீக்கும் அதிகாரமும் உண்டு. அவர்களில் யாருடைய அரசியல் வாழ்வும் அதனால் முடிந்துவிடவில்லை. 1981 செப்டம்பர்தான் என் கணிப்பில் போரைத் தடுத்திருக்கக்கூடிய கடைசி நல்ல வாய்ப்பு. கூட்டணியோடு உயர்மட்டப் பேச்சுவார்த்தை தொடங்கியிருந்தது. அமைச்சரவையில் தொண்டமான் இருந்தார். ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் அப்போது சிறு சிறு குழுக்கள் மட்டுமே. காவத்தையிலும் இறக்குவானையிலும் தாக்குதலை நடத்தியவர்களையும் ஏவியவர்களையும் கட்சி பாராமல் நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால், அந்தச் செய்தி யாழ்ப்பாணம் வரை போயிருக்கும்.

அவர் வேறு பாதையில் போனார். 1982 அக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலில் வென்றதும், தம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் தேதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலில்லாமல் ஆறு ஆண்டுகள் நீட்டினார். கமுகமரத் தண்டனை பேசியவர்கள் 1989 வரை வாக்காளரைச் சந்திக்கத் தேவையில்லாமல் போயிற்று. அந்தக் கடிதங்களைச் சற்று யோசித்துப் பாருங்கள். எந்த உறுப்பினரையும் எந்த நாளிலும் வீட்டுக்கு அனுப்பும் சீட்டு ஜனாதிபதியின் மேசை அறைக்குள் இருந்தது. 1983 ஜூலையில்கூட அவற்றில் ஒன்றையேனும் அதற்காக அவர் பயன்படுத்தவில்லை.

இதற்கிடையே சப்ரகமுவவிலும் மற்ற மலையக மாவட்டங்களிலும் அடிபட்டவர்கள் எங்கே போனார்கள்? ஒரு பகுதியினர் ராமேஸ்வரம் கப்பலேறிக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனார்கள். மற்றொரு பகுதியினர் 1977இலிருந்தே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நடந்தார்கள். அவர்களைக் குடியமர்த்த உழைத்தது காந்தியம் அமைப்பு. கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள். காடு வெட்டிப் பண்ணை அமைப்பதும், பிள்ளைகளுக்குப் பால்மா கொடுப்பதும், பாலர் பள்ளி நடத்துவதுமே அவர்களுடைய பணி. தனிநாடு வேண்டாம் என்றிருந்த மக்களைத் தனிநாட்டின் உத்தேச எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது எந்தப் போராளி இயக்கத்தின் பிரசாரமும் அல்ல. சொந்த இடத்தில் பாதுகாப்புத் தர மறுத்த அரசுதான் சேர்த்தது. தமிழர் வாழக்கூடிய இடம் வடக்கும் கிழக்கும் மட்டுமே என்ற வாதத்துக்கு அந்த அகதிக் குடும்பங்களே நடமாடும் சாட்சியானார்கள். வன்னியின் பள்ளிக்கூடங்களில் அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

அரசு அந்தக் குடியேற்றங்களை ஆபத்தாகப் பார்த்தது. 1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். அங்கே இரண்டு நாட்களில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளில் அவரும் ஒருவர். முல்லைத்தீவு மாவட்டத்தின் கென்ற் பண்ணையிலும் டொலர் பண்ணையிலும் குடியிருந்த மலையக அகதிகள் 1984இல் படையினரால் விரட்டப்பட்டார்கள். அந்த இடத்தில் சிங்களக் கைதிகளும் அவர்களுடைய குடும்பங்களும் குடியேற்றப்பட்டார்கள். அவ்வாண்டு நவம்பர் 30இல் விடுதலைப் புலிகள் அந்தப் பண்ணைகளைத் தாக்கிப் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலரைக் கொன்றார்கள். அந்தக் கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. இறந்த சிங்களக் குழந்தைகளுக்கும் லயத்தில் எரிந்த தமிழ்க் குழந்தைகளுக்கும் என் துக்கத்தில் வேறுபாடு இல்லை. 1977இல் மலையகத்தில் தொடங்கிய ஓட்டம் ஏழே ஆண்டுகளில் போரின் முன்னரங்கில் போய் முடிந்த விதத்தை இந்தப் பண்ணைகளின் கதை காட்டுகிறது.

1983 ஜூலை பற்றி இனி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜூலை 11ஆம் தேதி லண்டன் டெய்லி டெலிகிராப் நாளேட்டில் வெளியான பேட்டியில், யாழ்ப்பாண மக்களின் கருத்தைப் பற்றி இப்போது தமக்குக் கவலையில்லை என்றார் ஜனாதிபதி. இரண்டு வாரம் கழித்துக் கொழும்பு எரிந்தது. தீ கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் ஏறியது. ஜூலை 28 வரை அவர் மக்கள்முன் தோன்றவில்லை. தோன்றியபோது பலியான தமிழருக்கு ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. பிரிவினைக் கோரிக்கைக்குச் சிங்கள மக்கள் காட்டிய எதிர்வினை என்று நடந்தவற்றை விளக்கினார். அவர்களுடைய இயல்பான வேண்டுகோளுக்கு இணங்கும் நேரம் வந்துவிட்டது என்றார். 1977இல் பேசிய அதே குரல். மீண்டும் கும்பலின் விருப்பத்தை மக்களின் விருப்பமாக மொழிந்தார். இந்த முறை அதைச் சட்டமாகவும் ஆக்கினார். ஆகஸ்ட் 8இல் சட்டமான, பிரிவினைக் கோரிக்கையைத் தடைசெய்த அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் கூட்டணி உறுப்பினர்களைப் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றியது. பேசுவதற்கு எதிரே யாருமில்லை என்ற நிலையை அவரே உண்டாக்கினார்.

அவரைக் காத்துப் பேசுபவர்கள் இரண்டு வாதங்களை வைப்பார்கள். சிங்களத் தீவிரத்தை மீறித் தீர்வு கொடுத்திருந்தால் பதவியிழந்திருப்பார் என்பது ஒன்று. 1957இல் தமிழருக்கு ஓரளவு அதிகாரம் பகிர முன்வந்த பண்டா – செல்வா ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டவரே அவர்தான் என்பதால், அந்தத் தீவிரத்தின் பலம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது உண்மை. ஆனால் சப்ரகமுவத் தோட்டங்களுக்குச் சமஷ்டி தேவைப்படவில்லை, தனி நிர்வாகம் தேவைப்படவில்லை. பொலிஸ் நிலையம் தன் கடமையைச் செய்வதும், குற்றவாளி தண்டிக்கப்படுவதும் போதுமாயிருந்தன. அதைச் செய்ததற்காக எந்த அரசும் கவிழ்ந்திருக்காது. வடக்கின் ஆயுதக் குழுக்களே அவருடைய கையைக் கட்டின என்பது மற்றொரு வாதம். வடக்கைப் பற்றி அதை விவாதிக்கலாம். காவத்தையில் எந்த ஆயுதக் குழு இருந்தது?

காலம் கடந்து அவர் இறங்கிவந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். 1986 ஜனவரியில் தொண்டமான் தோட்டங்களில் பிரார்த்தனை இயக்கம் நடத்தினார். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் தொழிலாளர் கோயில்களில் கூடினார்கள், கொழுந்து பறிப்பு நின்றது. அதே ஆண்டு நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1988இல் அடுத்த சட்டமும், 2003இல் எஞ்சியோருக்கான சட்டமும் வந்தன. 1948இல் பறிக்கத் துணைநின்ற உரிமையைத் தம் எண்பதாவது வயதை நெருங்கும்போது திருப்பிக்கொடுக்கக் கையெழுத்திட்டார் ஜயவர்தன. முடியாது என்று நாற்பது ஆண்டுகள் சொல்லப்பட்டது சில வாரங்களில் முடிந்தது. அப்போது வடக்கிலும் கிழக்கிலும் போர் முழுவீச்சில் நடந்துகொண்டிருந்தது.

2001இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, முன்னாள் பிரதம நீதியரசர் சுப்பையா சர்வானந்தாவின் தலைமையில் இன வன்முறை பற்றிய உண்மை ஆணைக்குழுவை நியமித்தார். அதற்குக் குறிக்கப்பட்ட காலம் 1981 முதல் 1984 வரை. 2004 ஜூலையில் அவர் 1983க்காக நாட்டின் பேரால் மன்னிப்புக் கேட்டார். இறக்குவானைத் தோட்டங்களின் 1981 ஆகஸ்ட் அந்த ஆணைக்குழுவின் காலவரம்புக்குள் வந்தது. கேகாலைத் தோட்டங்களின் 1977 ஆகஸ்ட் அதற்குள் வரவில்லை. அந்த மாதத்துக்கு சன்சோனியின் அறிக்கையும், அதிகாரத்திலிருந்தோரை வழக்கிலிருந்து விடுவித்த 1982ஆம் ஆண்டின் சட்டமும்தான் அரசின் பதிவாக நிற்கின்றன.